ஓடு மட்டும் போதாது: கடல்நத்தைப் புதுப்பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நேரம் பார்த்து, டார்ச்சும் பூட்ஸுமாகச் சாங்கி பக்கமோ ஈஸ்ட் கோஸ்ட் பக்கமோ கிளம்புகிறவர்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். அப்படிப் போகும் ஒருவர் கண்ணில், எந்தக் கையேட்டிலும் சிங்கப்பூர் என்று குறிப்பிடாத நத்தை ஒன்று என்றாவது படும். உடனே வாட்ஸ்அப்பில் படம் பறக்கும்: ‘இந்த இனம் இதுவரை இங்கே பதிவானதே இல்லை!’ பெரும்பாலும் விஷயம் அங்கேயே நின்றுவிடும். விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே தடுமாற்றம் வந்துவிடுகிறது. அது உயிரோடு இருந்ததா?

காலி ஓடு, அந்த நத்தை அங்கே வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. சிங்கப்பூரில் இந்த எச்சரிக்கை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை நில மீட்பில் உருவான கரை. நில மீட்புக்காகப் பல ஆண்டுகளாக அண்டை நாடுகளிலிருந்து மணல் இறக்குமதி ஆகியிருக்கிறது. மணல் வந்தால் அதற்குள் கிடந்த ஓடுகளும்தான் வரும். கடலுணவுக் கடைகளில் தின்று முடித்த கோங்கோங் என்ற கடல்நத்தையின் ஓடுகள், மீன்தொட்டி அலங்காரத்துக்கு வாங்கியவை, சுற்றுலா போன இடத்தில் பொறுக்கி வந்து பிறகு சலித்துப்போய் வீசியவை எல்லாமே கரையில் வந்து சேரலாம். நம் வீட்டுப் பூஜைச் சங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, இலங்கைக் கரை என்று அந்தப் பக்கத்துக் கடலில் வாழும் இனம். அப்படி ஒன்று சாங்கி மணலில் கிடந்தால், தேக்காவில் யாரோ வாங்கிய சங்கு கடலில் விடப்பட்டது என்று நினைப்பதுதான் நியாயம். வங்காள விரிகுடாவைத் தாண்டி நத்தை வந்தது என்று எழுதினால் சிரிப்பார்கள்.

ஓடு நகர்கிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் ஊர்கிற ஓடுகளில் பாதிக்கு மேல் துறவி நண்டின் வாடகை வீடாக இருந்தால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. நத்தையின் நகர்வு ஒரே சீராக, வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். நண்டு இழுத்து இழுத்து, நின்று நின்று போகும். கையில் எடுத்ததும் இரண்டுமே உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். அப்போதுதான் ஏமாற்றம் நடக்கிறது. சில துறவி நண்டுகள் பெரிய கொடுக்கை வாயிலில் பொருத்தி அடைத்துக்கொள்ளும்போது, அவசரத்தில் பார்ப்பவருக்கு அது நத்தையின் மூடி போலவே தெரியும். ஆழமில்லாத தட்டில் கடல்நீர் ஊற்றி, ஓட்டை அதில் வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் தணித்துவிட்டுக் காத்திருங்கள். நத்தை என்றால் சதைப்பற்றான பாதம் மெல்ல வழியும், பல இனங்களில் பின்னால் மூடி ஒட்டியிருக்கும், உணர்கொம்புகள் நீளும். அந்த நிலையில் எடுத்த ஒரு படம், காலி ஓட்டின் இருபது படங்களைவிடப் பயன்படும். ஒன்றே ஒன்று: கூம்பு வடிவ ஓடு என்றால் வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள். கூம்பு நத்தைகளுக்கு விஷ ஊசி உண்டு, அவற்றில் சில மனித உயிரையே எடுத்திருக்கின்றன.

சரி, உயிரோடு ஒன்று கிடைத்துவிட்டது. அதை வைத்து ‘பரவல் எல்லை விரிந்துவிட்டது’ என்று எழுதலாமா? கூடாது. உலகின் மிகப் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்று நம் வாசலில் இருக்கிறது. கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிவந்த ஒற்றை விருந்தாளியாக அது இருக்கலாம். சின்னதும் பெரியதுமாகப் பல அளவுகளில் கிடைக்கின்றனவா, முட்டைக் கூடுகள் தென்படுகின்றனவா, அடுத்த பருவத்திலும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் ‘இங்கே வாழ்கிறது’ என்ற சொல்லுக்குப் போக வேண்டும்.

அது எப்படி வந்திருக்க முடியும் என்பதற்கு நத்தையின் பிறப்பே ஒரு தடயம். பீப்பாய் நத்தைகள் சிலவற்றின் லார்வா, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த இளம் பருவம், மாதக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து பெருங்கடலையே கடக்கும். வொல்யூட் குடும்ப நத்தைகளுக்கு மிதக்கும் பருவமே கிடையாது. குஞ்சு முட்டைக் கூட்டிலிருந்து நேராகத் தவழ்ந்தே வெளியே வருகிறது. ஆகவே முதல் வகையில் ஒன்று எங்கேயோ புதிதாகத் தோன்றினால் நீரோட்டத்தைச் சொல்லலாம். இரண்டாவது வகைக்கு அதே காரணத்தைச் சொன்னால் எடுபடாது. ஓட்டின் உச்சி நுனியில் லார்வாப் பருவத்து ஓடு பெரும்பாலும் அப்படியே தங்கியிருக்கும். அதைப் பார்த்தே எந்த வகை என்று ஓரளவு ஊகிக்கலாம். படம் எடுக்கிற பலர் உச்சியை விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது எல்லைக்கோட்டுக் குழப்பம். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அதிகமாக நடக்கிற தவறு இதுதான். நாட்டின் எல்லை நமக்கு, நத்தைக்கு இல்லை. ஓர் இனம் மலேசியாவின் கிழக்குக் கரையிலும் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளிலும் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், நடுவில் இருக்கும் சிங்கப்பூரில் கிடைப்பது ஒரு இடைவெளியை நிரப்புகிறது, அவ்வளவுதான். அது ‘சிங்கப்பூருக்கு முதல் பதிவு’. மதிப்பானதுதான், ஆனால் பரவல் விரிவு ஆகாது. விரிவு என்று சொல்ல வேண்டுமானால், உறுதியான மிக அருகாமைப் பதிவு எங்கே, அங்கிருந்து இது எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசையில் என்று சொல்லியாக வேண்டும். பட்டியலில் இல்லை என்பதற்கும் கடலில் இல்லை என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை நெப்டியூன் கோப்பைக் கடற்பஞ்சு காட்டியது. நூறு ஆண்டுகளுக்குமேல் இங்கே யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போய்விட்டது என்று எண்ணப்பட்ட அது, 2011இல் செயிண்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே உயிரோடு தென்பட்டது.

பட்டியலைப் பார்க்கும்போதும் ஒரு பெயரை மட்டும் தேடி விட்டுவிடக்கூடாது. பழைய நூல்களில் ஸ்ட்ரோம்பஸ் என்று இருக்கும் கோங்கோங் இப்போது லேவிஸ்ட்ரோம்பஸ் பேரினத்தில் இருக்கிறது. புதுப் பெயரைத் தேடினால் பழைய பதிவு சிக்காது. ‘முதல் பதிவு’ என்று எழுதிய பிறகு, நூறு வருடத்துக்கு முன்பே வேறு பெயரில் யாரோ எழுதிவைத்தது கிளம்பி வரும். மொலஸ்காபேஸ் என்ற இணையதளத்தில் ஓர் இனத்தின் பழைய பெயர்கள் எல்லாம் கிடைக்கும். ஒவ்வொன்றையும் வைத்து, 2010இல் வெளிவந்த சிங்கப்பூர் மெல்லுடலிகள் (நத்தை, சிப்பி வகைகள்) பட்டியலிலும் அதற்குப் பின் வந்த குறிப்புகளிலும் தேடுங்கள். பழைய பதிவு கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 1836 முதல் 1840 வரை பிலிப்பீன்ஸில் ஓடு சேகரித்த ஹியூ கியூமிங் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் வந்தவர். அவருடைய மாபெரும் தொகுப்பு 1866இல் பிரிட்டிஷ் அரும்பொருளகத்துக்குப் போனது. அதில் பல ஓடுகளுக்கு எழுதப்பட்ட இடப்பெயர்கள் தவறு என்று பின்னால் தெரியவந்தது.

அடையாளம் காண்பதில் ஐநேச்சுரலிஸ்ட் செயலி உதவும். ஆனால் படத்தைப் பார்த்து அது சொல்லும் யோசனை, அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே பதிவானவற்றை முன்னே தள்ளும். நாம் தேடுவதோ அக்கம்பக்கத்தில் பதிவாகாத ஒன்றை! அங்கே மூன்று பேர் ஆமாம் போட்டதும் ஆதாரம் ஆகிவிடாது. அலையாத்தி மரங்களில் ஏறியிருக்கும் லிட்டோரேரியா நத்தைகளில் ஆர்டிகுலேட்டா, ஸ்ட்ரிகேட்டா என்ற இரண்டையும் ஓட்டின் வடிவத்தை வைத்துத் திட்டமாகப் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஆண் நத்தையின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் நிபுணர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். இம்மாதிரிக் குழுக்களில் எத்தனை அழகான படம் இருந்தாலும் போதாது.

இடத்தை ‘சிங்கப்பூர்’ என்று மட்டும் எழுதுவதும் வீண். சின்ன ஊர்தானே என்று தோன்றும். ஆனால் 1920களில் கட்டிய கடற்பாலம் குறுக்கே அடைத்திருக்கும் ஜொகூர் நீரிணையின் கலங்கிய, உப்புக் குறைந்த தண்ணீர் வேறு. தெற்குத் தீவுகளின் பவளப்பாறைத் தண்ணீர் வேறு. அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், மணலா சேறா பாறையா, எவ்வளவு ஆழம் என்பதைக் கைப்பேசியில் அங்கேயே குறித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் பாதி மறந்துபோகும்.

காரணம் சொல்வதில் அவசரம் வேண்டாம். கடல் சூடாகிறது, அதனால் வந்தது என்று எழுதுவது இப்போது மிகச் சுலபமாகிவிட்டது. அமெரிக்கக் கண்டங்களின் வெப்பக் கரைகளைச் சேர்ந்த மைட்டெல்லா என்ற சிப்பி 2010களில் ஜொகூர் நீரிணையில் மண்டியபோது, நீரோட்டத்தையோ வெப்பத்தையோ யாரும் காட்ட முடியாது. கப்பலைத்தான் சந்தேகிக்க முடியும். ஐரோப்பாவின் சாதாரணக் கரைநத்தையான லிட்டோரினா லிட்டோரியா 1840இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பதிவானது. அது அங்கேயே இருந்ததா, ஐரோப்பாவிலிருந்து வந்ததா என்ற சச்சரவு மரபணு ஆய்வுகள் வந்த காலம் வரைக்கும் நீண்டது. ஒற்றைப் பதிவை வைத்துக் காரணம் எழுதத் துணிபவர்கள் அந்தக் கதையை ஒருமுறை படிப்பது நல்லது.

கடைசியாக, மாதிரி எடுப்பது. தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்ளும் பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக்கூடாது, காலி ஓடு உட்பட. ஆகவே படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், நத்தையை எடுத்த இடத்திலேயே விடுங்கள், பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு எழுதுங்கள். பதிவுக்குச் சாட்சியாக அரும்பொருளகத்தில் வைக்க ஒரு மாதிரி தேவைப்பட்டால் அனுமதி உள்ளவர்கள் வந்து எடுப்பார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு கிடைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஃபார்மலினில் போட்டால் மரபணுவும் பாழ், அதன் அமிலத்தில் ஓடும் கரையும். முதலில் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மயக்கினால் உடல் வெளியே நீண்டிருக்கும். அப்புறம் 95 விழுக்காடு எத்தனால். விவரச் சீட்டைப் புட்டிக்கு வெளியே ஒட்டினால் போதாது, உள்ளேயும் போட வேண்டும். அதையும் பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும்.