கெட்டித் தளத்தின் மேல் குதிரைச் சவாரித் திடல்

காங்கிரீட்டோ தாரோ இறுக்கிய ஜல்லியோ ஏற்கெனவே போட்டுக் கிடக்கும் இடத்தில் சவாரித் திடல் அமைக்க விரும்புபவர்கள், அடித்தள வேலை மிச்சம் என்று எண்ணி நேரே மணலைக் கொட்டிவிடுவதுண்டு. விழுகிற நீர் எந்த வழியாக வெளியேறும், மணலுக்கும் கெட்டித் தளத்துக்கும் நடுவே என்ன இருக்கப்போகிறது என்னும் இரண்டையும் தீர்மானிக்கும் முன் மணலுக்குச் சொல்லிவைக்கக் கூடாது.

டிரெஸ்ஸாஜ் எனப்படும், குதிரையைச் சீரான அசைவுகளில் நடத்திக்காட்டும் சவாரிப் பயிற்சிக்கு 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் போதும். உயர்நிலைப் போட்டிகளுக்கு நீளம் 60 மீட்டர். இருக்கும் தளம் இதற்குச் சற்றே குறைந்தால், விளிம்பில் புதிதாகச் சேர்க்கும் பகுதி நாளடைவில் தனியாக அமிழக்கூடும் என்பதால், திடலைச் சிறிதாக்கிக்கொள்வதே நல்லது.

தளம் முழுவதும் நீரைப் பாய்ச்சி, தேங்கும் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். பள்ளங்களை மணல் மறைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அடியில் நீர் நிற்கும் இடத்தில் மேலே மணல் சொதசொதத்துக் குளம்பு புதையும். வாட்டம் அகலவாக்கில் 1 சதவீதம், அதாவது 20 மீட்டருக்கு 20 செ.மீ., இருந்தால் போதுமானது; 2 சதவீதத்தைத் தாண்டினால் மழையில் மணல் தாழ்ந்த பக்கம் நகரத் தொடங்கும். காங்கிரீட்டில் துளையிட்டால் நீர் இறங்கிவிடும் என்பது சிலர் சொல்லும் வழி. அடியில் களிமண் இருந்தால் அந்தத் துளைகள் நிரம்பி நிற்குமே தவிர வேறு பயனில்லை. தாழ்ந்த ஓரத்துக்கு வெளியே ஜல்லி நிரப்பிய வடிகால் ஒன்று வெட்டி, ஓரப் பலகைகளின் அடியில் நீர் கசிய இடைவெளி விட்டு, மணல் தப்பாதபடி அந்த இடைவெளியை ஜியோடெக்ஸ்டைல் துணியால் (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி) மூடுவதே நம்பகமானது.

நடு அடுக்கில்தான் சிக்கனம் பார்க்கக் கூடாது. வழவழப்பான காங்கிரீட்டின் மேல் நேரடியாகக் கிடக்கும் மணல், குதிரை திரும்பும்போதும் சட்டென நிற்கும்போதும் மொத்தமாக வழுக்கும். மணல் விலகிய இடத்தில் குளம்பு கெட்டித் தளத்தில் மோதுவதால் மூட்டுகளுக்கு அதிர்ச்சி ஏறும். வெறும் துணியை மட்டும் விரித்தாலும் அது சுருண்டு மேலே வந்துவிடும். ஆகவே துளைகளும் குமிழ் போன்ற புடைப்புகளும் உள்ள, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பாய்களைப் பரப்பலாம். உயரம் கூடினால் பரவாயில்லை என்றால், கழுவிய, முனைகள் உள்ள ஜல்லியை 10 முதல் 15 செ.மீ. வரை பரப்பி, ரோலரால் இறுக்கி, அதன்மேல் துணியை 30 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று படியும்படி விரிக்கலாம். உருண்டைக் கூழாங்கற்கள் இறுகாமல் நகர்ந்துகொண்டே இருக்குமாதலால் இங்கே உதவாது.

மணல் கழுவிய சிலிக்கா மணலாக, நுண்ணிய, ஓரளவு முனையுள்ள துகள்களாக இருக்க வேண்டும். தூசு மிகுந்த மணல் குதிரையின் நுரையீரலுக்கும் ஓட்டுபவரின் நுரையீரலுக்கும் தீங்கு; உப்பேறிய கடல் மணலை எண்ணவே வேண்டாம். முதலில் 7 செ.மீ. அளவுக்குப் பரப்பி, நனைத்து, இறுக்கி, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு தேவைக்கேற்பக் கூட்டுங்கள். ஆழம் கூடினால் தசைநாண்கள் வலிந்து காயப்படும். போட்ட மணலை அள்ளி வெளியேற்றுவதோ கூட்டுவதைவிடப் பன்மடங்கு வேலை. 20×40 மீட்டர் திடலில் 10 செ.மீ. ஆழத்துக்கு 80 கன மீட்டர் மணல் பிடிக்கும். லாரி துணியின் மேல் ஏறாதபடி, ஒரு முனையில் கொட்டி, கொட்டிய மணலின் மேலேயே வண்டி நகர்ந்து முன்னேற வேண்டும்.

பயன்பாட்டுக்கு வந்தபின், குதிரைகள் ஓரத்தை ஒட்டியே ஓடுவதால் அங்கே மணல் ஒதுங்கி மெலியும். அதை அடிக்கடி வாரி இழுத்துச் சமன்செய்யுங்கள். வாரியின் பற்கள் நடு அடுக்கைத் தொடாத உயரத்தில் இருக்கட்டும்.