நாவல் கைமாத்து: நண்பர்களோடு மாற்றிப் படிக்கத் தொடங்குவது எப்படி?

காரைக்குடியில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஐந்து பேர் நாவல்களை மாற்றி மாற்றிப் படிக்கிறோம். இதே மாதிரி தொடங்க ஆசைப்படுபவர்களுக்காக, எங்களுக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன்.

1. ஆள் சேருங்கள்

நாலைந்து பேர் போதும். எல்லாருக்கும் ஒரே ரசனை இருக்க வேண்டியதில்லை. நடந்துபோய்ப் புத்தகம் கொடுத்துவிட்டு வரும் தூரத்தில் வீடு இருந்தால் நல்லது.

2. எப்படிப் படிப்பார்கள் என்று கேளுங்கள்

பலரும் இதைச் செய்யாமலே புத்தகத்தை நீட்டிவிடுகிறார்கள். எந்த நேரத்தில் படிப்பீர்கள்? உட்கார்ந்தால் எத்தனை பக்கம் ஓடும்? கடைசியாகப் பாதியில் மூடி வைத்த நாவல் எது, ஏன்? இந்த மூன்றில் கடைசிக் கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

எங்களில் ஒரு ஆச்சி, மதியம் அடுப்படி வேலை முடிந்து வளவில் (வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) தூணோரம் அரைமணி நேரம் மட்டும் படிப்பார். குடும்பக் கதை கொடுத்தால் இருபது பக்கத்தில் திருப்பித் தந்துவிடுவார். கேட்டதற்கு, "பேரு நெறைய வருது தம்பி, ஆரு ஆருக்கு மகன்னு பிடிபடல" என்றார். அடுத்த நாவலில் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதிப் பின்னட்டைக்குள் செருகிக் கொடுத்தேன். முழுசாகப் படித்தார். இப்போது அந்தத் தாளை அவரே எழுதி, அடுத்து வாங்குபவருக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்.

3. சிபாரிசைச் சொல்லும் விதம்

"அருமையான நாவல், படிங்க" என்றால் யாரும் படிக்க மாட்டார்கள். கதை எங்கே நடக்கிறது, இவருக்கு ஏன் பிடிக்கும், எங்கே தடுக்கும் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' ஓர் உதாரணம். சிங்கம்புணரிக்காரரான அவர் 1938இல் பிழைக்க இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போனவர். 1972இல் வெளிவந்த இந்த நாவலில் இரண்டாம் உலகப் போர்க்கால மேடானும் பினாங்கும் செட்டியார் வட்டிக்கடைகளும் வருகின்றன. நண்பரிடம் இதை, "உங்க ஐயா கொண்டுவிக்கப் போன சீமை இதுல வருதுண்ணே" என்று சொல்லித்தான் கொடுத்தேன். கொண்டுவிக்கப் போவது என்றால் எங்கள் பக்கத்தில் கடல்கடந்து தொழிலுக்குப் போவது. தொடக்கத்தில் மலாய்ச் சொற்கள் தடுக்கும், அர்த்தம் தேடி நிற்காமல் தாண்டிப் போங்கள் என்றும் சொன்னேன். தடுக்கும் இடத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால், அங்கே வந்ததும் புத்தகத்தை மூடிவிட மாட்டார்கள்.

4. பற்று வரவு நோட்டு

தேதி, நாவல், கொடுத்தவர், வாங்கியவர், திரும்பிய நாள். ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டு. கெடு 30 நாள். என் அப்பா கையெழுத்துப் போட்டிருந்த ஒரு நாவலை யாருக்குக் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவு வரவில்லை. அந்த வருத்தத்தில் தொடங்கியதுதான் இந்த நோட்டு. எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோல் புத்தகத்திலும் பேர் எழுதுங்கள். முதல் பக்கத்தோடு, உள்ளே 50ஆம் பக்கத்திலும் சின்னதாக எழுதுங்கள். அட்டை கிழிந்தாலும் அது நிற்கும்.

பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த கட்டுகள் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும். அவற்றை மட்டும் வெளியே கொடுக்காதீர்கள். தாள் பொடிந்துவிடும், உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் அப்படிப் பொத்திப் பொத்திச் சேர்த்ததால்தான், அவர் காலத்துக்குப் பிறகு 1994இல் சென்னையில் அவர் பேரிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகம் உருவானது.

5. மாதம் ஒருநாள் கூடுங்கள்

நாங்கள் ஞாயிறு சாயங்காலம் முகப்புத் திண்ணையில் கூடுகிறோம். பாதி படித்தவர்கள் முதலில் பேசட்டும். முடித்தவர்கள் முதலில் ஆரம்பித்தால் முடிவு வெளியே வந்துவிடும். பிறகு ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கட்டும். வாசிப்பதைக் கேட்டுத்தான் எங்களில் இருவர் அந்த நாவலையே கையில் எடுத்தார்கள். கந்தரப்பம் மாதிரி பலகாரம் எல்லாம் புத்தகத்தை மூடி வைத்த பிறகுதான், எண்ணெய்க் கை பட்டால் தாளில் கறை போகாது.

கலையும் முன் அடுத்த நாவலைக் கையில் கொடுத்து நோட்டில் எழுதிவிடுங்கள். "வீட்டுல இருக்கு, நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்" என்று விட்டால் அந்த மாதம் அப்படியே போய்விடும்.