பதினான்கு நாள் கடற்கரைப் பயணம்: ஓத அட்டவணையிலிருந்து திட்டம் போடுவது எப்படி

பயணம் என்றதும் பெரும்பாலோர் முதலில் விமானச் சீட்டு எடுப்பார்கள், அடுத்து விடுதி பிடிப்பார்கள், அதன்பிறகு பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுவார்கள். நகரத்துக்குப் போவதென்றால் இந்த வரிசை ஒத்துவரும். கடற்கரைக்கு ஒத்துவராது. கோட்டை நாளைக்கும் அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் இன்று காலை எட்டு மணிக்குக் கால் நனையாமல் நடந்து போன பாறைத்திட்டு, மதியம் இரண்டு மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் கிடக்கும். ஆகவே எதை நம் வசதிக்கு நகர்த்த முடியாதோ, அதற்கு முதலில் நாள் குறிக்க வேண்டும். கடல் சாகசம் முதலில், இயற்கை அடுத்து, வரலாறு கடைசியில். முக்கியத்துவம் பார்த்துப் போட்ட வரிசை அல்ல இது. எது எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைப் பார்த்துப் போட்டது.

பருவம்

ஒரே தீவின் இரண்டு கரைகளுக்கு இரண்டு பருவங்கள் இருக்கலாம். இலங்கையில் டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்குக் கரையும் மேற்குக் கரையும் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையின் முறை. அட்லாண்டிக்கில் அதிகாரபூர்வமான புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், ஆனால் மெல்டெமி என்ற வடகாற்று படகுகளை நாள்கணக்கில் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டுவிடும். மழை அளவை மட்டும் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். காற்று, அலை, நீரின் வெப்பநிலை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கடல் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். மிதவெப்ப நாடுகளில் வெயில் உச்சத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதங்கள் கழித்தே தண்ணீர் இதமாகும்.

14 நாளும் ஓதமும்

ஓதம் என்பது கடல் நாள்தோறும் ஏறி வற்றுவது. இரண்டு வாரப் பயணத்துக்கு அதோடு ஒரு நல்ல பொருத்தம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். அது உயர் ஓதம். அஷ்டமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் குறைவு. அது தாழ் ஓதம். இரண்டுமே அந்தத் திதிக்கு ஓரிரு நாள் பிந்தி உச்சம் கொள்ளும். ஒரு உயர் ஓதத்திலிருந்து அடுத்ததற்கு சுமார் 14.8 நாள். அதாவது 14 நாள் பயணத்தில் எந்தத் தேதியில் கிளம்பினாலும் இரண்டு வகையும் ஏறத்தாழ ஒருமுறையாவது கிடைத்துவிடும். எது முதலில் வருகிறது என்பதுதான் கேள்வி. பயணத்தின் எலும்புக்கூடு அந்த ஒரு விடையில் இருக்கிறது.

உயர் ஓத நாள்களில் வற்றம் ஆழமாகப் போவதால், பாறைக் குழிகளில் நட்சத்திர மீன், கடற்சாமந்தி பார்ப்பதற்கும், மணல்திட்டு வழியாக அக்கரைத் தீவுக்கு நடப்பதற்கும் அவை ஏற்றவை. அதே நாள்களில் நீரோட்டம் வேகமாக இருக்கும், சேறு கலங்கும். முதன்முதலாக ஸ்கூபா (காற்று உருளையோடு ஆழத்தில் நீந்துவது) இறங்குபவருக்கும், ஸ்நார்கெல்லிங் (மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பது) செய்பவருக்கும் தாழ் ஓத நாள்களே நல்லது: ஓட்டம் தணிந்திருக்கும், தண்ணீரும் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

பெரும்பாலான கரைகளில் 24 மணி 50 நிமிடத்தில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். எனவே நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு வற்றம் என்றால், ஒரு வாரம் கழித்து அது மதியம் 1 மணியை ஒட்டி வரும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு குறிப்பிட்ட இடத்தில் உயர் ஓத நாளின் வற்றம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே மணியில்தான் விழும். சில ஊர்களில் அது விடியற்காலை, சில ஊர்களில் நடுப்பகல். இருட்டில் விழும் ஊரில் பாறைக் குழிகளுக்காகத் தங்குவது வீண். இதை ஓத அட்டவணையில் ஐந்து நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம். விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஓதம் அரை மீட்டருக்கும் குறைவு. அங்கே இந்தக் கணக்கை விட்டுவிட்டுக் காற்றைப் பாருங்கள். நேர்மாறாக, கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும். அங்கே ஓதம்தான் கடிகாரம்.

அட்டவணையைப் படிப்பதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் நாடுகளில், சில அட்டவணைகள் அந்த மாற்றத்தைச் சேர்க்காமலே வெளியாகும். ஒரு மணி நேரப் பிழை போதும், திட்டில் மாட்டிக்கொள்ள. அடுத்தது, தண்ணீர் சீராக ஏறும் என்று நினைப்பது. வற்றத்திலிருந்து ஏற்றம் வரையான ஆறு மணி நேரத்தில் மொத்த உயர்வு பன்னிரண்டு பங்கு என்றால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்று ஏறும். மொத்தம் 3.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதல் மணியில் 30 செ.மீ.தான். மூன்றாவது மணியிலும் நான்காவது மணியிலும் தலா 90 செ.மீ. “கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது” என்று இன்னும் இரண்டு படம் எடுக்க நிற்பவர்கள் அந்த மூன்றாவது மணியில்தான் சிக்குகிறார்கள். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், வற்ற நேரத்தில் திரும்ப ஆரம்பித்துவிட வேண்டும்.

நாள் கணக்கு

14 நாளில் வருவதற்கும் போவதற்கும் இரண்டு நாள் கழியும். மீதி 12. அதில் இரண்டு நாளை வானிலைக்கென்று வெறுமையாக விடுங்கள். ஒன்றை முதல் வாரக் கடைசியில், மற்றதை இரண்டாம் வார நடுவில். ஆக, உண்மையில் நிரப்பக் கிடைப்பது 10 நாள். 12 நாளையும் நிரப்புகிறவர்களின் திட்டத்தில் ஒரு படகு ரத்தானால் மீதி எல்லாமே சரியும்.

தங்குமிடம் மூன்று போதும்: 5, 4, 4 என்று 13 இரவு. ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டி, அறையைக் காலி செய்து, பயணித்து, மறுபடி அறை கிடைக்கும்வரை காத்திருப்பதில் அரை நாளுக்கு மேல் போய்விடும். கடற்கரைச் சாலை வளைந்து வளைந்து, ஊருக்குள் புகுந்து போகும். வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஊர் மாறும் நாளை வரலாற்றுக்குக் கொடுப்பது நல்ல உத்தி: வழியில் ஒரு கோட்டையோ பழைய துறைமுகமோ விழுகிற மாதிரி பாதையை வளைத்தால், பயண நாள் வெறும் பயண நாளாக முடியாது.

ஓர் உதாரணம். மூன்றாம் நாள் அமாவாசை என்று வைத்துக்கொள்வோம். உயர் ஓதம் 4, 5-ஆம் நாள்களில் உச்சம். முதல் முகாமை பாறைக்கரையும் கழிமுகமும் உள்ள ஊரில் போட்டு, 3 முதல் 5 வரை பாறைக் குழி, சேற்றுவெளிப் பறவைகள், தீவு நடை என்று வையுங்கள். அமாவாசை இருட்டு இருப்பதால் நட்சத்திரம் பார்ப்பதும் அங்கேயே முடிந்துவிடும். ஆறாம் நாள் ஊர் மாறும் வழியில் கோட்டை. 7 இருப்பு நாள். 8, 9-இல் சர்ஃபிங் அல்லது கயாக். பத்தாம் நாள் மூன்றாவது முகாமுக்கு. அஷ்டமி அப்போது வந்துவிடும், எனவே 11, 12-இல் ஸ்கூபா. 13 முழுக்கக் கரையில், பழைய நகர வீதிகளில். இங்கே இரண்டாவது இருப்பு நாளைத் தனியாக வைக்காமல் 9-ஐயே நெகிழ்வாக வைத்திருக்கலாம். மூன்றாம் நாள் அஷ்டமி என்றால் எல்லாவற்றையும் அப்படியே திருப்பிப்போட வேண்டியதுதான்: ஸ்கூபா முதலில், பாறைக் குழி கடைசியில்.

ஸ்கூபாவும் விமானமும்

மேலே 13-ஆம் நாளைக் கரையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைந்திருக்கும். விமானத்துக்குள் அழுத்தம் குறையும்போது அது குமிழியாகப் பிரிந்தால் மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறையோ பல நாளோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட பரிந்துரை. 24 மணி நேரம் விட்டுவிட்டால் கணக்கே போட வேண்டாம். மலைப்பாதை வழியே திரும்புவதும் இதே வகைதான். சாலையில்தானே போகிறோம் என்று பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சான்றிதழுடன் கற்க வேண்டுமானால் தொடக்கநிலைப் பயிற்சிக்கு 3 முதல் 4 நாள் ஆகும். அனுமதி 18 மீட்டர் வரை. நீச்சல்குளப் பாடத்தையும் எழுத்துத் தேர்வையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு, கடலில் இறங்கும் பகுதியை மட்டும் அங்கே போய்ச் செய்தால் இரண்டு நாள் மிச்சம். மருத்துவக் கேள்வித்தாளை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். ஆஸ்துமா, இதயம், காது அறுவைசிகிச்சை போன்றவற்றில் ஒன்றுக்கு “ஆம்” என்றாலும் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். தெரியாத ஊரில் அன்று காலையில் அதைத் தேடி அலைய முடியாது. ஜலதோஷம் பிடித்திருந்தால் இறங்காதீர்கள். காதில் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கிழியும் அபாயம் உண்டு.

பயணக் காப்பீட்டில் “சாகச விளையாட்டு” என்ற ஒற்றைச் சொல்லை நம்ப வேண்டாம். எத்தனை மீட்டர் ஆழம் வரை, பயிற்றுநர் உடன் இருக்க வேண்டுமா, வாடகை ஸ்கூட்டரில் போகும்போது விபத்து நடந்தால் எந்த உரிமம் கேட்பார்கள் என்று மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கயாக், அலை, நீச்சல்

பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கிளம்பும், பிற்பகலில் உச்சம். எனவே துடுப்பு போடும் வேலையெல்லாம் காலை பத்து, பதினொரு மணிக்குள் முடிய வேண்டும். போகும்போது எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும்படி பாதையை அமையுங்கள். கைகள் ஓய்ந்த நேரத்தில் உதவி கிடைக்கும். கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றுதான் ஆபத்தானது. கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோல் தெரியும், ஐந்நூறு மீட்டர் போனதும் படகு திரும்பாது. அங்கங்கே வெள்ளை நுரைத் தலைகள் அடிக்கடி தெரிய ஆரம்பித்தால் காற்று மணிக்கு 20 கி.மீ.ஐத் தாண்டிவிட்டது என்று பொருள்; புதியவர்கள் இறங்க வேண்டாம். அலையாத்திக் காட்டு ஓடைகளுக்கு மட்டும் நேரம் காற்றைப் பொறுத்ததல்ல, ஏற்றத்தைப் பொறுத்தது. வற்றத்தில் போனால் சேற்றில் படகைத் தூக்கிச் சுமக்க வேண்டிவரும்.

அலை முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு மீட்டர் அலை 6 விநாடி இடைவெளியில் வந்தால் கொந்தளிப்பு. 14 விநாடி இடைவெளியில் வந்தால் தொலைவிலிருந்து வரும் வலுவான அலை, கரையில் அது இன்னும் உயர்ந்து உடையும்.

நீந்தும் கரையில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே இறங்குங்கள். உயிர்காப்பாளர்கள் கண் வைத்திருப்பது அந்த இடத்தைத்தான். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், சற்றுக் கருமையாகத் தெரிந்தால், அமைதியான இடம் என்று அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். கடலுக்குள் இழுக்கும் ஓட்டம் அதுதான். சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், மிதந்துகொண்டு, கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும்.

இயற்கை பார்க்கும் நேரம்

கரைப்பறவைகளை வற்றத்தில் தேடிப்போனால் அரை கிலோமீட்டர் தள்ளிப் புள்ளிகளாகத் தெரியும். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன் போனால் தண்ணீரே அவற்றைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து தரும். ஆமை முட்டையிடும் கரைகளில் கைவிளக்கும் ஃபிளாஷும் கூடாது. வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும். அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

வரலாறு

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அவ்வளவுதான். காலை முதல் ஆள்களில் ஒருவராக அல்லது நான்கு மணிக்குப் பிறகு. கோட்டைச் சுவர்களில் நிழல் கிடையாது. முதலில் ஊர் அருங்காட்சியகம், பிறகு கோட்டை என்று போங்கள். மாதிரி உருவத்தைப் பார்த்தபின் கொத்தளங்களின் அமைப்பு சட்டென்று பிடிபடும். உள்ளே நுழைந்ததும் மூன்றைத் தேடுங்கள்: நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது, பீரங்கி எந்தத் திசையைப் பார்க்கிறது, கப்பல் எங்கே நங்கூரமிட்டது. இலங்கையின் காலி நகரக் கோட்டையில் 1588-இல் போர்த்துகீசியர் தொடங்கியதை 1649 முதல் டச்சுக்காரர்கள் ஏன் அப்படிப் பெருக்கினார்கள் என்பதற்கு விடை அந்த வளைகுடாவின் வடிவத்திலேயே இருக்கிறது. துருக்கியில் உள்ள பழைய துறைமுக நகரமான எபேசுவில் கப்பல் நின்ற இடத்தைத் தேடினால் கடலே தெரியாது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது, கரை பல கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது.

வாராந்திர விடுமுறையைச் சரிபாருங்கள். மும்பைக்கு அருகிலுள்ள எலிஃபண்டா குகைகள் திங்கள்கிழமை மூடியிருக்கும். வேறு இடங்களில் வேறு கிழமை. அருங்காட்சியகம், தேவாலயம், பழைய மாளிகை போன்ற கூரையுள்ள இடங்களை முன்கூட்டிக் கிழமை குறிக்காமல் கையிருப்பாக வைத்துக்கொண்டு, கடல் கலங்கிய நாளில் எடுத்துவிடுங்கள். ஒரு விதிவிலக்கு: முருட்-ஜஞ்சிரா போலப் படகில் மட்டுமே போக முடிகிற தீவுக்கோட்டையை வரலாற்றுப் பட்டியலில் வைக்காதீர்கள். அது கடல் பட்டியலைச் சேர்ந்தது.

மூட்டை

10 முதல் 20 லிட்டர் கொள்ளும் நீர்புகாப் பை ஒன்று, கெட்டி அடியுள்ள நீர்க்காலணி, முழுக்கை நீச்சல் சட்டை. ஸ்நார்கெல்லிங்கில் எல்லோரும் முகத்துக்குக் களிம்பு பூசுவார்கள், வெந்துபோவது முழங்காலின் பின்பக்கம். ஹவாயில் 2021 முதல் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த களிம்புகளை விற்கத் தடை. துத்தநாக ஆக்சைடு களிம்பு எடுத்துப்போனால் பெரும்பாலும் சிக்கல் வராது. படகு ஒவ்வாமை உள்ளவர்கள் குமட்டல் வருவதற்கு முன்பே, புறப்படச் சுமார் ஒரு மணி நேரம் முன்பாக, மருத்துவர் சொன்ன மாத்திரையைப் போட வேண்டும். பவளப்பாறை கீறிய புண் சின்னதாகத் தெரிந்தாலும் எளிதில் ஆறாது; நன்னீரில் தேய்த்துக் கழுவி, துகள் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள்.

13-ஆம் நாள் காலையிலேயே முகமூடி, துடுப்புக்காலணி, நீச்சல் சட்டை எல்லாவற்றையும் நன்னீரில் அலசி நிழலில் காயப்போட்டால் மாலைக்குள் மூட்டை கட்டிவிடலாம். பைகளின் பக்க அறைகளையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். கரையில் பொறுக்கிய பவளத் துண்டும் பெரிய சங்கும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கலாம். சுங்கத்தில் பறிமுதல் ஆவதோடு அபராதமும் விழும்.