‘டல்’லுக்கு எதிர்ச்சொல் கண்டுபிடிப்பது எப்படி?

“ஏன் டல்லா இருக்கே?”, “கடையில யாவாரம் டல்”, “செவுரு டல்லடிக்குது” என்று நாள் முழுக்க நம் வாயில் புரளும் சொல்தான். ஆனால் வினாத்தாளில் இதற்கு எதிர்ச்சொல் கேட்டால் பேனா தயங்கும். ஷார்ப், பிரைட், ஷைனி, லைவ்லி என்று அகராதி ஒரு கூட்டத்தையே கொண்டுவந்து நிறுத்தும். அதில் எது பொருந்தும் என்பது ‘டல்’லுக்குப் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பொறுத்தது.

முதலில் அந்தப் பெயர்ச்சொல்லையும் ‘டல்’லையும் சேர்த்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: மொக்கைக் கத்தி, மங்கிய நிறம், மந்தமான வியாபாரம். அடுத்து தமிழிலேயே திருப்புங்கள்: கூரான கத்தி, பளிச்சென்ற நிறம், சூடுபிடித்த வியாபாரம். அதன் பிறகே ஆங்கிலத்துக்குப் போங்கள்: ஷார்ப், பிரைட், பிரிஸ்க். கடைசியில் வாக்கியத்தில் ‘டல்’ இருந்த இடத்தில் அந்தச் சொல்லை வைத்து ஒருமுறை படித்துவிடுங்கள். பெரும்பாலும் இதற்கு மேல் வேலை இருக்காது. தமிழும் இங்கே கைகொடுக்கிறது: முனை மழுங்கியதும் மொக்கை, உட்கார முடியாத படமும் மொக்கை. ஆங்கிலத்தில் அந்த இரண்டுமே ‘டல்’தான்.

கத்தியில் குழப்பமே இல்லை. தக்காளித் தோலில் இறங்காமல் பழத்தை நசுக்கினால் கத்தி டல். தானாக இறங்கினால் ஷார்ப். அமெரிக்கர்கள் ‘டல்’ என்று சொல்லும் கத்தியைப் பிரிட்டிஷார் பெரும்பாலும் ‘பிளன்ட்’ என்பார்கள். தேர்வில் வைக்கும் பொறியும் இதுதான். பிளன்ட், குளூமி போன்ற ஒத்த சொற்களை விடைகளுக்கு நடுவே சொருகிவிடுவார்கள். கேட்டது எதிர்ச்சொல் என்பதை மறந்து தெரிந்த சொல்லில் கை போய்விடும். மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல்நிலைத் தேர்வில் ஒரு தவறான விடைக்கு 0.50 மதிப்பெண் போகும்.

வானிலைக்கும் நிறத்துக்கும் பிரைட். நிறம் அழுத்தமாக, கண்ணில் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருந்தால் விவிட். பாத்திரம், தலைமுடி, தரை என்று மேற்பரப்பைப் பற்றிய பேச்சென்றால் ஷைனி. பெயின்ட் கடையில் மட்டும் கவனம்: அங்கே மினுமினுக்கும் பூச்சான ‘கிளாஸி’க்கு எதிர்ப்பதம் ‘மேட்’. விரும்பிக் கேட்டு வாங்கும் மினுமினுப்பில்லாத பூச்சு அது. அதை ‘டல்’ என்றால் குறை சொன்னதாகிவிடும். ஒலிக்கு கிளியர் அல்லது ரிங்கிங். விரிசல் விட்ட மண்பானையைத் தட்டினால் வருவது டல், நல்ல பானையின் ‘கணீர்’ ரிங்கிங்.

வலியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மந்தமாக, விடாமல் இருக்கும் வலி ‘டல் ஏக்’. அதற்கு எதிர், சுரீரென்று குத்தும் ‘ஷார்ப் பெயின்’. அகராதி இந்த இடத்தில் ‘அக்யூட்’டையும் காட்டும். ஆனால் மருத்துவத்தில் அக்யூட் என்பது வலி எப்போது தொடங்கியது, எத்தனை நாளாக இருக்கிறது என்ற கணக்கு. அதன் எதிர்ப்பதம் குரோனிக். பொதுவாக 3 மாதத்துக்கு மேல் நீடிப்பது. நேற்று தொடங்கிய வலி அக்யூட்டாகவும் இருக்கலாம், அதே நேரம் டல்லாகவும் இருக்கலாம். டாக்டரிடம் குத்துவலியைச் சொல்ல ‘ஷார்ப்’ போதும்.

மனிதர்களுக்கு வந்தால் மூன்றாகப் பிரியும். படிப்பில் மந்தம் என்ற பொருளில் பிரைட் அல்லது கிளெவர். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் உறவான ‘டொல்’லுக்கு முட்டாள்தனம் என்றே பொருள், ஆகவே இந்த அர்த்தத்தில் ‘டல்’ கொஞ்சம் கடுமையான வசவு. ஷார்ப்பும் இங்கே செல்லும். ஆனால் ‘ஷார்ப் டங்’ என்றால் புத்திசாலியான பேச்சு அல்ல, சுடுசொல். பேச்சில் சுரத்தில்லாதவருக்கு எதிர், லைவ்லி அல்லது இன்ட்ரஸ்டிங். இன்ட்ரஸ்டட் என்று எழுதிவிடாதீர்கள். அது எதிலோ ஆர்வம் கொண்டவர், பிறருக்கு ஆர்வமூட்டுபவர் அல்ல.

மூன்றாவது, நம்மூர் “டல்லா இருக்கே”. முகம் வாடியிருக்கிறது, சோர்வாக இருக்கிறாய் என்ற பரிவு அது. அதையே ஆங்கிலத்தில் ‘யூ ஆர் டல்’ என்று சொன்னால், ‘நீ ஒரு அறுவை’ என்றோ ‘மண்டையில் ஒன்றுமில்லை’ என்றோதான் கேட்பவர் காதில் விழும். ‘யூ லுக் டயர்ட்’ என்று கேளுங்கள். மறுநாள் அவர் தெளிந்து வந்தால் அப்போது சொல்ல வேண்டியது பிரைட்டும் அல்ல, ஷார்ப்பும் அல்ல, ‘சியர்ஃபுல்’.