கையெழுத்துப் போடாத அத்தை: வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வில்லங்கம் போட்டுப் பாருங்கள், மூலப்பத்திரத்தை அசலாகக் கேளுங்கள், புரோக்கர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். இதெல்லாம் டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள், அதற்கு நான் தேவையில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு, மனைப் பத்திரங்களைப் பார்த்து லீகல் சொல்வது என் தொழில். முதல் தடவை வீடு வாங்க வருகிறவர்களும் சரி, புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய தம்பிகளும் சரி, நாங்களெல்லாம் ஆரம்பத்தில் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். அதைப் பற்றி நிறையப் பேசப்போகிறேன், மற்றதெல்லாம் போகிற போக்கில்.

வாரிசுச் சான்றைப் பார்த்து வாரிசுகளை எண்ணுவது

அப்பா பெயரில் வீடு. அவர் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் விற்கிறார்கள். வாங்குகிறவர் வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களை எண்ணுவார், இவ்வளவு பேரும் கையெழுத்துப் போட வந்துவிடுவார்களா என்று கேட்பார், அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். தாசில்தார் கொடுக்கும் அந்தச் சான்று, விண்ணப்பித்தவர் சொன்னதையும் ஊரில் விசாரித்ததையும் வைத்து எழுதப்படுவது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை.

முதலில் விட்டுப்போகிறவர் மகள். "அக்காவுக்கு 89-க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு சார், அவங்களுக்குப் பங்கு வராது" என்பார்கள். இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், 2005 மத்தியத் திருத்தம், 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாமே கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையைப் பற்றியவை. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு என்றால், அவர் உயில் இல்லாமல் இறந்தால், மகளுக்கு மகனோடு சம பங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணம் எப்போது ஆனது, எத்தனை பவுன் போட்டீர்கள் என்றெல்லாம் அந்தச் சட்டம் கேட்பதில்லை.

இரண்டாவது ஆளைத்தான் வக்கீல்களே விட்டுவிடுகிறார்கள்: இறந்தவருடைய அம்மா. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்றவளும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது சொத்து முதலில் போய்ச் சேரும் வரிசை. அப்பா அந்த வகுப்பில் கிடையாது, அம்மா உண்டு.

புதுப்பாளையம் பக்கம் ஒரு வீடு. அண்ணன் தம்பி இருவரும் அவர்கள் அம்மாவும் விற்க வந்தார்கள். அக்கா ஏன் வரவில்லை என்று கேட்டால், சீர் செய்தாயிற்று என்றார்கள், சரி, அது வழக்கமான கதை. வாங்குகிறவர் நெல்லிக்குப்பத்துக்காரர், என்னிடம் வரும் முன்பே பெரிய தொகை ஒன்றை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டார். இறப்புச் சான்றில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு உங்க அப்பாவைப் பெத்த பாட்டி இருந்தாங்களா?" என்று கேட்டேன். இருந்திருக்கிறார், நாலு வருடம் கழித்துத்தான் இறந்திருக்கிறார். வாரிசுச் சான்று அதற்கும் பிறகு வாங்கியது, அதனால் பாட்டி பெயர் அதில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். அப்பா இறந்த அன்றே வீடு ஐந்து பங்காகிவிட்டது: மனைவி, இரண்டு மகன்கள், மகள், பாட்டி. பாட்டி இறந்ததும் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் வாரிசுகளுக்குப் போகிறது, அதாவது இரண்டு அத்தைகளுக்கும், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கும். அக்காவையும் அத்தைகளையும் விட்டுவிட்டு மூன்று பேர் மட்டும் எழுதிக் கொடுத்தால், வீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறவர் கைக்கு வராமலே நிற்கும்.

"அத்தைங்களுக்கும் எங்க வீட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று அண்ணன்காரர் சத்தம் போட்டார். சிதம்பரத்து அத்தை மறுவாரமே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். விருத்தாசலத்து அத்தை மாட்டேன் என்று விட்டார். காரணம் சொத்து இல்லை. எந்தக் காலத்திலோ நடந்த காதுகுத்துக்குத் தன் வீட்டுக்காரரை நேரில் வந்து அழைக்கவில்லையாம். அந்த ஒரு கையெழுத்துக்காக நெல்லிக்குப்பத்துக்காரர் அட்வான்ஸைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார், கடைசியில் அண்ணன் தம்பிகள் தாம்பூலத் தட்டோடு போய் நின்ற பிறகுதான் காரியம் நடந்தது.

கையெழுத்து இல்லாமலே பத்திரம் பதிவாகியிருந்தால்? பதிவாகிவிட்டது என்பதாலேயே உரிமை உறுதியாகிவிடாது. உரிமையை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்வது சார் பதிவாளர் வேலையும் இல்லை. எழுதிக் கொடுத்தவர்களுக்கு என்ன பங்கோ அது மட்டும்தான் உங்களுக்கு வரும். அதுவும் பிரிக்கப்படாத குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால், அந்தப் பங்கை வைத்துக்கொண்டு நேராக உள்ளே போய்க் குடியேற முடியாது, பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால், உங்கள் பங்கை நாங்களே விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் நீதிமன்றத்தில் கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்புறம் அந்த வீட்டுக்கு வங்கிக் கடனை நினைத்தே பார்க்காதீர்கள்.

ஆகவே அட்வான்ஸுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் வம்ச வழியை எழுதி வாங்குங்கள், ஒவ்வொருவர் இறந்த தேதியோடும். தேதிதான் முக்கியம், யார் யாருக்கு முன்னால் இறந்தார் என்பதில் பங்கே மாறிவிடும். பங்குள்ள எல்லோரும் விற்பவராகச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி மடித்து வைப்பதால் யார் பங்கும் யாருக்கும் போகாது. (இது இந்துக் குடும்பக் கணக்கு. இஸ்லாமியர், கிறிஸ்தவர் குடும்பங்களுக்கு வேறு.)

மைனர் பங்கு

நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பாவோ அம்மாவோ எழுதிக் கொடுத்தால் தொடாதீர்கள். பையன் மேஜராகி மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம்.

பவர் ஏஜென்ட்

பவர் கொடுத்த சொத்துக்காரர் முகத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ரொக்க அட்வான்ஸ்

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். அது விற்கிறவர் தலையில் விழும். வீட்டு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் ஒரு சதவீத வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. விற்கிறவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அந்த ஒரு சதவீதக் கணக்கே பொருந்தாது, ஆடிட்டரைப் பாருங்கள்.

விற்கிறவர்கள் செய்வது

"கிரையத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டு, கையில் நாளைய தேதியிட்ட செக்கோடு வீட்டுக்குப் போவார்கள். செக் திரும்பினால் கிரையம் தானாக ரத்தாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆகாது. வீடு வாங்கியவர் பெயருக்குப் போய்விட்டது, நீங்கள் பாக்கிப் பணத்துக்கு வழக்கு நடத்த வேண்டியதுதான். டிடியோ, கணக்கில் ஏறிய பணமோ பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி தாண்டி கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று போய்விட்டால் அது புதுச்சேரி. சாலை ஒன்றேதான், ஆனால் பத்திரச் செலவு தமிழ்நாட்டின் 7 சதவீத முத்திரைத்தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணக் கணக்கில் வராது. அதைவிடப் பெரிய விஷயம் பழைய குடும்பங்கள். பிரெஞ்சுக் காலத்தில், 1881 ஆணைப்படி இந்துத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குப் போனவர்கள் உண்டு, ரெனோன்சான் என்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது அவர்களை விலக்கியே வந்தது. அந்தக் குடும்பத்து வீட்டுக்கு நான் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது. பிரெஞ்சில் எழுதிய நோத்தேர் (பிரெஞ்சு நோட்டரி) பத்திரம் கட்டிலிருந்து வெளியே வந்தால் கடலூரில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டாம், புதுச்சேரியில் அதைப் படித்துப் பழகிய வக்கீலிடம் கொண்டு போங்கள்.