ரெய்க்யவிக் போறீங்களா? மொதல்ல அந்தக் குடையை வெளிய எடுங்க

எங்க வீட்ல சூட்கேஸ் அடுக்கும்போது மூணு குடை உள்ள போச்சு, ஏன்னா ஐஸ்லாந்து தலைநகரம் ரெய்க்யவிக்ல செப்டம்பர் கடைசில மழைன்னு போன்ல காட்டுச்சு. மழையும் வந்துச்சு, ஆனா மேல இருந்து வரல, பக்கவாட்டுல வந்துச்சு. ஹார்பாங்கிற கண்ணாடிக் கச்சேரி மண்டபம் பக்கம் கடலோரமா நடந்தப்ப முதல் குடை தாமரைப்பூ மாதிரி வானத்தைப் பார்த்து விரிஞ்சுக்கிச்சு, ரெண்டாவது கம்பியோட போச்சு, மூணாவதை நான் வெளிய எடுக்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் சுத்தி பார்த்தேன், உள்ளூர்க்காரங்க ஒருத்தர் கையிலயும் குடை இல்ல.

நம்ம ஆளுங்க ஐஸ்லாந்துன்னதும் குளிரை நினைச்சே பயப்படறாங்க. 64 டிகிரி வடக்குல இருக்கிற தலைநகரம்தான், ஆனா வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் பக்கத்துல ஓடுறதால ஜனவரி சராசரியே 0 டிகிரி பக்கத்துலதான் நிக்கும், ஜூலைல 11, 12. எதிரி குளிர் இல்ல, காத்து. அதனால தண்டியா ஒரே ஒரு கோட்டு வாங்கிட்டுப் போறது வேஸ்ட், உள்ள ஒரு தெர்மல், அதுக்கு மேல ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ, வெளிய காத்தும் தண்ணியும் புகாத ஒரு ஜாக்கெட், இது போதும். ஜீன்ஸ் மட்டும் போட்டுட்டு அருவி பார்க்கப் போகாதீங்க, நனைஞ்சா அன்னிக்கு முழுக்க காயாது.

வாடகைக் காருக்கும் இதே காத்துதான் எமன். நான் இறங்கும்போது வழக்கம் போல ஒரு கையால கதவைத் தள்ளினேன், காத்து அதைப் பிடுங்கி முன்பக்கமா மடக்கிடுச்சு, கீல் வளைஞ்சு போச்சு. ஃபுல் இன்சூரன்ஸ்னு நெனச்சு வாங்கினதுல காத்தால கதவு போனா கவர் ஆகாதுன்னு பொடி எழுத்துல இருந்துச்சு, நான் படிக்கல, தண்டம் அழுதேன். வண்டியைக் காத்துக்கு மூக்கைக் காட்டி நிறுத்துங்க, கதவை ரெண்டு கையால பிடிச்சுத் திறங்க, ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் இறங்குங்க. ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டணும், பகல்லயும் ஹெட்லைட் எரியணும், ஊருக்கு வெளிய தார் ரோட்டுல 90தான் லிமிட். தானியங்கி பெட்ரோல் பங்க்ல கார்டுக்கு பின் நம்பர் கேக்கும், அதனால பின் ஞாபகம் இருக்கிற கார்டா எடுத்துட்டுப் போங்க.

அடுத்தது மாசம் தப்பா பார்த்து டிக்கெட் போடுறது. ஜூன்ல போய் வடக்கு ஒளி (ராத்திரி வானத்துல பச்சையா ஆடுற அரோரா வெளிச்சம்) எங்கன்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. ஜூன் கடைசில அங்க சூரியன் நடுராத்திரி 12 மணி வாக்குல மறைஞ்சு 3 மணிக்கு முன்னாடியே திரும்ப வந்துடும், நடுவுலயும் இருட்டவே இருட்டாது, அப்புறம் எந்த ஒளியைப் பார்க்கிறது? அதுக்கு செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும்தான் காலம். அப்பவும் மேகம் இருந்தா முடிஞ்சது கதை, ஐஸ்லாந்து வானிலைத் துறை சைட்ல மேக வரைபடம் இருக்கு, அதைப் பார்த்துட்டு டூர் புக் பண்ணுங்க, ஒரே ஒரு ராத்திரியை நம்பிப் போகாதீங்க. பஃபின் பறவை பார்க்கணும்னா அது கோடையில, ஆகஸ்ட் தாண்டினா கடலுக்குப் போயிடும். டிசம்பர்ல போனா பகல் வெளிச்சம் நாலு மணி நேரம் சொச்சம்தான், காலைல 11 மணிக்கு மேலதான் விடியும், பட்டியல் போட்டு ஆறு இடம் பார்க்கிற வேலையெல்லாம் ஆகாது.

பட்டியல்னு சொன்னதும் ஞாபகம் வருது. யோகுல்சார்லோன் பனி ஏரியை ரெய்க்யவிக்ல தங்கிக்கிட்டே ஒரே நாள்ல போய்ட்டு வரலாம்னு வரைபடத்தைப் பார்த்து முடிவு பண்றாங்க. ஒரு வழி மட்டும் சுமார் 380 கிலோமீட்டர், நடுவுல நிக்காம ஓட்டினாலே நாலரை மணி நேரத்துக்கு மேல ஆகும். போகணும்னா வழியில ஒரு ராத்திரி தங்குங்க. ஒரு நாள்தான் இருக்குன்னா கோல்டன் சர்க்கிள் போதும்: 930ல ஐஸ்லாந்துக்காரங்க முதல் பாராளுமன்றம் கூடின திங்வெல்லிர், சில நிமிஷத்துக்கு ஒரு தரம் வெந்நீரைப் பீச்சியடிக்கிற ஸ்ட்ரோக்கூர், அப்புறம் குல்ஃபாஸ் அருவி. தெற்கே ரேனிஸ்ஃபியாரா கறுப்பு மணல் கடற்கரைக்குப் போனா மட்டும் அலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீங்க, நம்ம மெரினா மாதிரி கால் நனைக்கிற இடம் இல்ல அது, திடீர்னு வர்ற ஒரு பெரிய அலை ஆளை இழுத்துட்டுப் போயிடும், செத்தவங்க இருக்காங்க.

ப்ளூ லகூன்ங்கிற பேர்போன வெந்நீர்க் குளம் ரெய்க்யவிக்லயே இருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, கிடையாது. கெஃப்லவிக் ஏர்போர்ட் ஊர்ல இருந்து 50 கிலோமீட்டர், ப்ளூ லகூன் அந்தப் பக்கம்தான், அதனால வர்ற அன்னிக்கோ கிளம்புற அன்னிக்கோ வெச்சுக்கிட்டா அலைச்சல் மிச்சம். முன்கூட்டி புக் பண்ணாம போகாதீங்க. அது இயற்கை ஊற்றும் இல்ல, பக்கத்துல இருக்கிற புவிவெப்ப மின் நிலையத்துல இருந்து வர்ற தண்ணி. பக்கத்து ஊர் கிரின்டவிக்கை 2023 நவம்பர்ல காலி பண்ணாங்க, அப்புறம் எரிமலை திரும்பத் திரும்ப வெடிச்சுது, 2024 நவம்பர்ல ப்ளூ லகூனோட பார்க்கிங் இடத்தையே லாவா மூடிடுச்சு. அதனால போற வாரத்துல திறந்திருக்கான்னு பார்த்துக்கோங்க.

என்னைக் கேட்டா ஊருக்குள்ள இருக்கிற முனிசிபல் நீச்சல் குளத்துக்குப் போங்கன்னுதான் சொல்வேன், செலவு ப்ளூ லகூன்ல ஆகுறதுல ஒரு சின்ன பங்குதான். நான் போனது சுண்ட்ஹோல், 1937ல கட்டினது. ஆனா அங்கதான் நம்ம ஆளுங்க பெரிய தப்பு பண்றாங்க. குளத்துல குளோரின் கம்மியா போடுறதால உள்ள இறங்குறதுக்கு முன்னாடி துணியே இல்லாம சோப்பு போட்டுக் குளிச்சாகணும், நீச்சல் டிரஸ்ஸை அப்புறம்தான் போடணும். ஷவர் சுவத்துல ஒரு படம் மாட்டியிருக்கும், தலை, அக்குள், இடுப்புக்குக் கீழ, பாதம் எல்லாம் வேற கலர்ல காட்டி இங்கெல்லாம் தேய்ன்னு. நான் கூச்சப்பட்டு ஷார்ட்ஸோட நின்னு தண்ணி ஊத்திக்கிட்டேன், ஒரு தாத்தா, எழுபத்தஞ்சு வயசு இருக்கும், ஒட்டுத்துணி இல்லாம நின்னுகிட்டே என் ஷார்ட்ஸை ஒரு பார்வை பார்த்துட்டு அந்தப் படத்தை விரலால தட்டினார். அவ்வளவுதான், கழட்டிட்டேன். ஆண் பெண் தனித்தனி, யாரும் யாரையும் பார்க்கிறதில்ல. ரொம்ப சங்கடமா இருந்தா தடுப்பு வெச்ச ஷவர் இருக்கான்னு கவுன்டர்ல கேட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் 40 டிகிரி வெந்நீர்த் தொட்டில கழுத்து வரைக்கும் முங்கி, மேல மழை முகத்துல குத்த உக்காந்திருந்தேன், அந்தத் தாத்தாதான் பக்கத்துல உக்காந்து வானிலையைத் திட்டிக்கிட்டு இருந்தார்.

வெந்நீர்னதும் இன்னொண்ணு. ஹோட்டல் பாத்ரூம்ல குழாயைத் திறந்ததும் அழுகின முட்டை நாத்தம் அடிச்சா டிரெய்னேஜ்னு ரிசப்ஷனுக்கு போன் போடாதீங்க (என் வீட்டுக்காரி போட்டா). பூமிக்கடியில இருந்து வர்ற சுடுதண்ணில இருக்கிற கந்தக வாடை அது. குளிக்க நல்லா இருக்கும், ஆனா டீக்கும் கப் நூடுல்ஸுக்கும் குளிர்ந்த தண்ணியைப் பிடிச்சு கெட்டில்ல கொதிக்க வைங்க. அந்தக் குளிர்ந்த குழாய்த் தண்ணி அவ்வளவு சுத்தம், கடையில பாட்டில் தண்ணி வாங்கினா காசைக் கடல்ல போட்ட மாதிரி.

சாப்பாடு விலை வயித்தைக் கலக்கும், மூணு வேளையும் ஹோட்டல்னா கட்டுப்படியாகாது. பன்னிக்குட்டி படம் போட்ட போனுஸ் சூப்பர் மார்க்கெட்ல தயிர் மாதிரி இருக்கிற ஸ்கிர், ரொட்டி, பழம் வாங்கிக்கோங்க, ஊறுகா பாட்டில் நம்ம கையில இருந்தா ராஜ வாழ்க்கை. டிப்ஸ் வைக்க வேணாம். துறைமுகம் பக்கம் 1937ல இருந்து இருக்கிற ஹாட்டாக் கடைக்கு எல்லாரும் போவாங்க, ஆட்டுக்கறின்னு கேள்விப்பட்டு நம்ம ஆளுங்களும் வரிசைல நிப்பாங்க, ஆனா அதுல மாடும் பன்னியும் கலந்திருக்கும். சாப்பிடாதவங்க வரிசைல நிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க.

கடைசியா ஒண்ணு, ரெய்க்யவிக்கை வெறும் படுக்கிற இடமா வெச்சுக்கிறது. தினம் காலைல டூர் பஸ், ராத்திரி ரூம். புயல் வந்து டூர் கேன்சல் ஆனா என்ன பண்றதுன்னு தெரியாம ஜன்னலைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு நாளைக் காலியா விடுங்க. 1945ல ஆரம்பிச்சு 1986லதான் முடிஞ்ச ஹால்க்ரிம்ஸ்கிர்க்யா சர்ச் கோபுரத்துல லிஃப்ட்ல ஏறிப் பாருங்க, கலர் கலரா தகரக் கூரை தெரியும். அங்க இருந்து இறங்கினா கொஞ்ச தூரத்துல லோய்கவேகுர் கடைத்தெரு. ஷாப்பிங்னு நடக்கிறவங்களுக்கு அந்தப் பேரோட கதை தெரியாது. அந்தக் காலத்துல ஊர்ப் பொம்பளைங்க துணிமூட்டையைத் தூக்கிட்டு சுமார் மூணு கிலோமீட்டர் தள்ளி இருந்த வெந்நீர் ஊற்றுக்குத் துவைக்கப் போன வழி அது. திரும்பி வரும்போது நனைஞ்ச துணியோட, அதே காத்துல. நான் குடை போச்சேன்னு புலம்பிட்டு இருந்ததும் அந்தத் தெருவுலதான்.