கடப்பா கல்லில் ஒரு குட்டி லைகோ

விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பு அலைகளை லேசர் ஒளியால் அளக்கும் கருவி லைகோ. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் வரப்போகும் லைகோ-இந்தியாவில் ஒளி போய்த் திரும்பும் ஒவ்வொரு பாதையும், அதாவது கையும், 4 கிலோமீட்டர். அதே வேலைக்கு ஐரோப்பா திட்டமிடும் ஐன்ஸ்டீன் தொலைநோக்கி 200 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், பூமிக்கடியில் இறங்கப் பார்க்கிறது. அமெரிக்காவின் காஸ்மிக் எக்ஸ்ப்ளோரரோ 40 கிலோமீட்டர் கேட்கிறது. ஏன் என்று புரிய, பெங்களூரு வாடகை வீட்டிலேயே 20 சென்டிமீட்டர் கையுள்ள மைக்கல்சன் கருவி ஒன்றைக் கட்டலாம். ஒரு கற்றையை இரண்டாகப் பிரித்து, இரு கைகளின் முனையிலுள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்ப வைத்து, மீண்டும் சேர்ப்பதுதான் அதன் வேலை. சேருமிடத்தில் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் விழும்.

தரைத்தளம் நல்லது. பாதி காற்றடைத்த ஸ்கூட்டர் டியூப் மேல் இரண்டடிக் கடப்பா கல். டியூபைக் கல்லென்று இறுகும்படி ஊதினால் தரை அதிர்வு அப்படியே மேலேறும். எஸ்.பி. ரோட்டில் பழைய ஸ்கேனர் கிடைத்தால் உள்ளிருக்கும் கண்ணாடிகளை எடுங்கள். அவற்றின் பூச்சு முன்பக்கம் இருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம் என்பதால் ஒரு புள்ளி இரண்டாகத் தெரிந்து குழப்பும். ஒளியைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் 25 மி.மீ. கனசதுரத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். எல்லாவற்றையும் எம்-சீலால் ஒட்டலாம். ஒரு கண்ணாடிக்காவது சாய்வைச் சரிசெய்ய மூன்று திருகு வேண்டும்.

650 நானோமீட்டர் சிவப்பு லேசர் போதும், 5 மில்லிவாட்டுக்குள். கற்றை கண் மட்டத்துக்கு வரவே கூடாது. பட்டன் செல்லைக் கழற்றிவிட்டு நிலையான 3 வோல்ட் கொடுத்து, பத்து நிமிடம் சூடாக விடுங்கள். இல்லையென்றால் அலைநீளம் தாவி, பட்டைகள் திடீரென்று காணாமல் போகும். மலிவு லேசருக்கு இரு கைகளும் 2, 3 மி.மீ.க்குள் சமமாக இருக்க வேண்டும். பலர் தோற்பது இங்கேதான்.

இரு கைகளிலிருந்தும் வந்து சுவரில் விழும் இரு புள்ளிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து, பிறகு சிறு லென்ஸால் விரியுங்கள். பட்டைகள் தெரியும். கண்ணாடி 325 நானோமீட்டர் நகர்ந்தால் ஒரு பட்டை கடக்கும். லைகோ தேடுவது 4 கிலோமீட்டரில் சுமார் 10⁻¹⁸ மீட்டர் அசைவு. கை நீண்டால் அந்த அசைவும் பெரிதாகும், 40 கிலோமீட்டர் கேட்பது அதனால்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கைச்சூடே பட்டையை இழுக்கும்.

பட்டையைவிடக் குறுகிய துளையிட்ட கறுப்புத் தாளுக்குப் பின்னால் ஒளியை மின்னோட்டமாக்கும் போட்டோடயோடு, அதனுடன் 100 கிலோ ஓம் மின்தடை, பதிவு செய்ய அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை. வெளிச்சமும் இருட்டும் சரிபாதியாக இருக்கும் இடத்தில் வையுங்கள். பட்டையின் உச்சியில் வைத்தால் சின்ன அசைவு தெரியாது.

உண்மையான வேலை இனிமேல்தான். நள்ளிரவில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று பதிவு: லேசரை மறைத்து, ஒரு கையை மட்டும் மறைத்து, இரண்டையும் திறந்து. முதலாவது மின்சுற்றின் இரைச்சல். அதில் 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு முறை துடிப்பு, தெரிந்தால் டியூப்லைட்டை அணையுங்கள். இரண்டாவதில் கூடுவது லேசரின் தள்ளாட்டம். மூன்றாவதில் மேலும் கூடுவதில் பெரும்பகுதி நிலமும் காற்றும். பஸ் போகும்போது எழும் சில ஹெர்ட்ஸ் ஆட்டத்தை டியூப் தடுக்காது, சமயத்தில் பெரிதாக்கியும் விடும். 40 கிலோ கண்ணாடியை நான்கடுக்கு ஊசலில் தொங்கவிட்டும் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே லைகோ திணறுகிறது. அசையும் மண்ணின் ஈர்ப்பே கண்ணாடியை இழுக்கிறதே, அதற்கு எந்த டியூபும் உதவாது. பூமிக்கடியில் போவது அதனால்தான்.